மாப்ள போட்ட கையெழுத்து

சத்தியமா சொல்லுங்க... உங்கள் கிளாஸில் யாராவது கொஞ்சம் ஏறுக்குமாறாகப் பேசினால், 'கீழ்ப்பாக்கத்துல ஒரு பெட் சொல்லுங்கப்பா' என்று கமென்ட் அடித்திருக்கிறீர்களா, இல்லையா?

நான் அடித்திருக்கிறேன். நிறைய தடவை. கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். எல்லாம் போன அக்டோபர் வரைக்கும்.

இப்போது அடிப்பதில்லை. ஏனென்றால் அந்த 'பெட்'டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மூன்று வாரம் போய் வந்து உட்கார்ந்திருந்தேன். படுத்திருந்தவன் என் ரூம்மேட்.

பெயர் வேண்டாம். ஹாஸ்டலில் எல்லோருமே எல்லோருக்கும் 'மாப்ள'தானே, இவனும் மாப்ளயாகவே இருக்கட்டும். இந்தக் கட்டுரையை அவனுக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறேன். இரண்டு இடத்தில் அடிக்கச் சொன்னான், அடித்துவிட்டேன். ஓர் இடத்தில் 'இன்னும் கொஞ்சம் நல்லா எழுதுடா' என்றான். அது எந்த இடம் என்று சொல்ல மாட்டேன்.

ஐந்தாவது செமஸ்டர். மாப்ள சாதாரணமாகப் பத்து மணிக்கே போர்வையை இழுத்து மூடிக்கொள்கிற ஆள். அந்த வாரம் தொடர்ந்து நான்கு ராத்திரி தூங்கவில்லை. தூங்காதவன் மாதிரி சோர்ந்தும் இல்லை, அதுதான் ஆச்சரியம். படபடவென்று பேச்சு. ஒரு விஷயத்தை முடிக்காமலே அடுத்ததுக்குத் தாவல். தமிழ்நாடு முழுக்கக் கரன்ட் கொடுக்கிற மாதிரி ஒரு டிசைன் பிடித்துவிட்டதாகச் சொல்லி, விடிகாலை மூன்று மணிக்கு எங்கள் ஹெச்.ஓ.டி.க்கு 46 பக்கம் மெயில் அனுப்பினான். நாங்கள் என்ன செய்தோம்? சிரித்தோம். வீடியோ எடுத்தோம். 'பிளேஸ்மென்ட் டென்ஷன்டா' என்று ஆளாளுக்கு டாக்டர் ஆனோம்.

ஐந்தாவது நாள், செமஸ்டர் ஃபீஸுக்கு வைத்திருந்த பணத்தை அப்படியே கொண்டுபோய் ஹாஸ்டல் வாட்ச்மேன் அண்ணன் கையில் கொடுத்து, 'பொண்ணு கல்யாணத்துக்கு வச்சுக்கோங்கண்ணா' என்றிருக்கிறான். அந்த அண்ணன் பணத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் ரூமுக்கு ஓடி வந்தார். கை நடுங்கியது. 'தம்பி, இந்தப் புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சு. அவங்க வீட்டுக்கு போன் போடுங்க.'

முந்நூறு வருங்கால இன்ஜினியர்கள் இருக்கிற ஹாஸ்டலில், நடப்பது விளையாட்டு இல்லை என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

அப்பா ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் வந்து இறங்கினார். கல்லூரி ஆபீஸ் அவரிடம் முதலில் நீட்டியது ஒரு பேப்பர். 'என் மகனை என் சொந்த விருப்பத்தின்பேரில் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறேன்.' அவர் படிக்காமலேயே கையெழுத்துப் போட்டார். மாப்ளயிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து தரையில் இருக்கிற டைல்ஸை எண்ணிக்கொண்டிருந்தான்.

நான், 'ஆஸ்பத்திரிக்குப் போலாம்பா' என்றேன். அவர் திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். 'வேணாம் தம்பி. எங்க பக்கம் இப்படின்னா குணசீலத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவோம். ஆஸ்பத்திரின்னா கட்டிப் போட்ருவாங்க. ஏர்வாடி ஞாபகம் இல்லையா உனக்கு?'

எனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்? நான் பிறக்கவே இல்லை! உங்களில் பல பேருக்கும் தெரிந்திருக்காது, அதனால் சொல்கிறேன். 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. தர்காவைச் சுற்றி, மனநலம் சரியில்லாதவர்களைப் பணம் வாங்கிக்கொண்டு வைத்திருக்கிற தனியார் 'காப்பகங்கள்' பல இருந்தன. அதில் ஒன்றில் விடிகாலையில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் செத்துப்போனார்கள். சுப்ரீம் கோர்ட் தானாகவே வழக்கை எடுத்தது. அந்த மாதிரிக் காப்பகங்களை அரசு மூடியது. பிற்பாடு அதே ஏர்வாடியில் பிரார்த்தனையோடு மாத்திரையும் கொடுக்கிற 'தவா - துவா' திட்டம் வந்தது.

அப்பாவுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் பேப்பரில் வந்த அந்தச் சங்கிலி போட்டோதான். அது ஆஸ்பத்திரியே இல்லை என்பது அவர் மனதில் பதியவில்லை. அவரை நான் குறை சொல்லவே மாட்டேன். கோயிலில் யாரும் அவர் மகனை ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். ஃபார்ம் நீட்ட மாட்டார்கள். எங்கள் ஆபீஸில் அரை மணி நேரத்தில் அவர் பார்த்ததை நீங்கள் பார்த்திருந்தால், நீங்களும் குணசீலத்துக்குத்தான் பஸ் ஏறியிருப்பீர்கள்.

என்ன செய்வதென்று தெரியாமல் 14416க்கு போன் போட்டேன். 'டெலி மானஸ்' என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த மனநல ஹெல்ப்லைன். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். எடுத்த மேடம் பதற்றமே இல்லாமல் கேட்டார். எத்தனை நாளாகத் தூங்கவில்லை? சாப்பிடுகிறாரா? தன்னையோ பிறரையோ காயப்படுத்துவது மாதிரி ஏதாவது பேசினாரா? கேட்டுவிட்டு, 'தள்ளிப்போடாம பக்கத்துல இருக்கிற அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, அங்கயே மனநலப் பிரிவு இருக்கும்' என்றார். ஸ்பீக்கரில் அப்பாவும் கேட்டார். 'கட்டிப் போடுவாங்களாம்மா?' 'சங்கிலியால கட்டவே கூடாதுன்னு சட்டம் இருக்குங்கய்யா.' அந்த ஒரு வரிக்குத்தான் அவர் எழுந்தார்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

மாப்ள வர மறுத்தான். 'எனக்கு என்னடா? நான் செம ஃபார்ம்ல இருக்கேன்!' என்று கத்தினான். உடனே நான், 'மாப்ள, உன் டிசைனைப் பார்க்க எக்ஸ்போல கூப்பிடுறாங்கடா, வா' என்றேன். முகமெல்லாம் சிரிப்பாக, ஷர்ட்டை இன் பண்ணிக்கொண்டு, 46 பக்கத்தையும் ஃபைலில் போட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினான். வழியெல்லாம் என் தோளில் கை போட்டுக்கொண்டே வந்தான்.

பூட்டிய கேட்டு, மொட்டை அடித்த ஆட்கள் என்று சினிமா காட்டியதையெல்லாம் எதிர்பார்த்துப் போனேன். எலும்பு முறிவுக்கும் தோல் வியாதிக்கும் நடுவில் ஒரு ஓ.பி. அவ்வளவுதான். எல்லோரும் கையில் சீட்டோடு வரிசையில் நின்றார்கள். டோக்கன் நம்பர் கூப்பிட்டபோதுதான் மாப்ளக்குப் புரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தான். 'எக்ஸ்போ எங்கடா?'

பதில் சொல்ல முடியவில்லை. இன்றைக்கும் அந்தக் கேள்வி அப்படியே காதில் இருக்கிறது.

ஒரு சைக்யாட்ரிஸ்ட் தனியாகப் பார்த்தார். அடுத்து இன்னொரு டாக்டர், அவரும் தனியாக. பைபோலார், இப்போது மேனியா கட்டம் என்றார்கள். ரத்த அழுத்தம் மாதிரி தொடர்ந்து கவனிக்க வேண்டிய வியாதி, கட்டுப்படுத்தலாம், படிப்பைத் தொடரலாம். ஆனால் இப்போதைக்கு அட்மிஷன் போட வேண்டும். அப்பா கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு அது அவருடைய இரண்டாவது கையெழுத்து.

எதற்கு இரண்டு டாக்டர் என்று எனக்கு அப்போது தெரியாது. ராத்திரி ஸ்டூலில் உட்கார்ந்து செல்லில் சட்டத்தையே இறக்கிப் படித்தேன். (செமஸ்டருக்குக்கூட இப்படிப் படித்ததில்லை.) மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதில் பெரியவர்களை அட்மிட் செய்ய ரெண்டே வழிதான். ஒன்று, நாமே போய் 'எனக்கு முடியல, சேர்த்துக்கங்க' என்று நாமே கையெழுத்துப் போடுவது. இரண்டாவது, முடிவெடுக்கிற நிலையில் நாம் இல்லாதபோது, நமக்காக ஒருவர் விண்ணப்பம் கொடுப்பது. அதற்கு இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்து, தனக்கோ பிறருக்கோ ஆபத்து, அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ளவே முடியாத நிலை என்று சொல்ல வேண்டும். அப்பவும் உச்சபட்சம் 30 நாள். அதற்கு மேல் வேண்டுமென்றால் மறுபடியும் இரண்டு சைக்யாட்ரிஸ்ட் பார்த்து, மறுஆய்வு வாரியம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏழு நாளைக்கு ஒரு தடவை 'இவரால் இப்போது சொந்தமாக முடிவெடுக்க முடியுமா?' என்று டாக்டர் திரும்பப் பார்த்தே ஆக வேண்டும் என்ற விதி. நம்ம பாஷையில் சொன்னால், லூப்பில் போட்ட 'இஃப்' கண்டிஷன். உண்மை ஆனவுடனே வெளியே வந்துவிடலாம்! நோயாளியின் விருப்பத்தைக் கேட்காத அந்த நிலைமையைச் சட்டம் ஒரு அவசரத்துக்கு மட்டும்தான் அனுமதிக்கிறது, நிரந்தரமாக இல்லை.

இன்னும் இருக்கிறது. சங்கிலியால் எந்த வடிவத்திலும் கட்டக் கூடாது. கட்டாய மொட்டை கூடாது. யூனிஃபார்ம் போடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, சொந்த உடையைப் போட்டுக்கொள்ளலாம். மயக்க மருந்து இல்லாமல் ஷாக் ட்ரீட்மென்ட் கூடாது. இனிமேல் தமிழ் சினிமாவில் அந்த கரன்ட் சீன் வரும்போது பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், இது சட்ட விரோதம் என்று.

அதற்காக வார்டு சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். கொசு. பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. கூட யாராவது இருந்தே ஆக வேண்டும் என்பதால் அப்பா அறுவடையை விட்டுவிட்டு பெட்டுக்குக் கீழேயே பாய் விரித்துப் படுத்தார். டாக்டர்கள் நல்லவர்கள்தான், ஆனால் ஓ.பி. கூட்டத்தில் அவர்களுக்கே டீ குடிக்க நேரம் இல்லை. 2015-16ல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்த இந்தியர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்னை இருந்தது. அதில் முக்கால்வாசிக்கும் அதிகமானோர் பல வகை வியாதிகளுக்குச் சிகிச்சைக்கே வரவில்லை. அறுபது பேர் இருக்கிற நம் கிளாஸை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

பக்கத்து பெட்டில் ஒரு பெரியவர். மாப்ளக்கு வாழைப்பழம் உரித்துக் கொடுப்பார். அவருக்குச் சரியாகிவிட்டது, டிஸ்சார்ஜ் எழுதியாகிவிட்டது. கூட்டிப்போக ஆள் வரவில்லை. சிஸ்டர் போன் போட்டால் எதிர்முனையில் கட் பண்ணுகிறார்கள். குடும்பம் ஏற்கவில்லை, தங்க வீடில்லை என்பதற்காக யாரையும் ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கக் கூடாது என்றும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. சரி, எங்கே அனுப்புவது? சமூகத்தில் இடைக்கால இல்லங்கள் வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அவருக்குத் தெரிந்த இடைக்கால இல்லம் அந்த பெட்தான். தினமும் காலையில் சலவை வேட்டி கட்டிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்காருவார்.

அந்தப் பெரியவரைப் பார்த்த பிறகுதான் கீழ்ப்பாக்கத்தைப் பற்றியும் படித்தேன். 1794ல் சென்னையில் ஆரம்பித்தது. 1871ல் இப்போதைய கீழ்ப்பாக்கம் வளாகத்துக்கு வந்தது. நாம் ஜோக் அடிக்கிற பெயருக்கு இருநூறு வருஷத்துக்கும் மேல் வயசு! மனநல ஆஸ்பத்திரி என்றால் ஊருக்கு ஒதுக்குப்புறமாகச் சுவர் கட்டி உள்ளே வைப்பது என்றிருந்த காலத்தில், 1961ல் அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர். காலையில் வந்து டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்கிற புறநோயாளிப் பிரிவு அவர் காலத்தில்தான் அங்கே வளர்ந்தது. 2021ல், 98 வயதில் இறந்தார். மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே, எலும்பு டாக்டருக்குப் பக்கத்து ரூமிலேயே மாப்ளக்குப் பார்க்க முடிந்ததற்குப் பின்னால் இப்படிச் சில பேருடைய ஆயுசு இருக்கிறது. 1982ல் தேசிய மனநலத் திட்டம், 1996ல் மாவட்ட மனநலத் திட்டம் என்று மெதுவாக, ரொம்ப மெதுவாக நகர்ந்து வந்தது.

பதினான்காவது நாள். இளம் டாக்டர் ஒருவர் என் ஸ்டூலை இழுத்துப் போட்டு மாப்ள முன்னால் உட்கார்ந்தார். 'எதுக்காக இங்க இருக்கீங்கன்னு நினைக்கிறீங்க? இந்த மாத்திரை எதுக்கு? வேணாம்னு நிறுத்தினா என்ன ஆகும்?' மாப்ள ஒவ்வொன்றுக்கும் யோசித்து, மெதுவாகப் பதில் சொன்னான். பழைய மாப்ள. பிறகு டாக்டர் சொன்னார். 'இனிமே உங்க அப்பா கையெழுத்து வேண்டாம். நீங்களே முடிவு பண்ணலாம். இருக்கிறதா இருந்தா நீங்க கையெழுத்துப் போடணும். போறேன்னு எப்ப வேணா சொல்லலாம். ஆபத்துன்னு எங்களுக்குத் தோணினா மட்டும், மறுபடி சோதிச்சுப் பார்க்க 24 மணி நேரம் வரைக்கும் நிறுத்தி வைப்போம்.'

மாப்ள ஃபார்மை முழுசாகப் படித்தான். சந்தேகம் கேட்டான். கையெழுத்துப் போட்டான். கொஞ்சம் கோணல், மாத்திரையால் கை நடுக்கம். அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். இன்னும் ஆறு நாள் இருந்தான், அவனாகவே.

கல்லூரிக்குத் திரும்பியது தனிக் கதை. ஃபிட்னஸ் சர்டிபிகேட் கேட்டார்கள், கொடுத்தோம். ஆபீஸில் இருந்தவர் சீலில் இருந்த 'மனநலப் பிரிவு' என்பதை வரிசையில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தார். நோயாளியின் விவரம் ரகசியம் என்று சட்டம் இருப்பதை அவருக்கு யார் சொல்வது? 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கிற எந்தக் கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஒரு கவுன்சிலராவது இருக்க வேண்டும், ஹெல்ப்லைன் நம்பரை ஹாஸ்டலில் பார்க்கிற இடத்தில் எழுதிப் போட வேண்டும், ஃபேன்களில்கூடப் பாதுகாப்பு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றெல்லாம் சொன்னது. எங்கள் ஹாஸ்டலில் ஃபேனுக்கு ஆள் வந்துவிட்டது. கவுன்சிலர் ரூமுக்கு போர்டும் வந்துவிட்டது. கவுன்சிலர்? கதவில் பூட்டு தொங்குகிறது. உங்கள் கல்லூரியில் எப்படி என்று நாளைக்குப் போய்ப் பாருங்களேன். 14416ஐ நாங்களே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, மெஸ்ஸில் மெனு ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டினோம். நம் பசங்க தவறாமல் பார்க்கிற ஒரே நோட்டீஸ் போர்டு அதுதான்.

ஜனவரியில் ஒரு சாயங்காலம், டீக்கடையில் மாப்ள பாக்கெட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தான். ஏற்கெனவே அவன் கையெழுத்துப் போட்டிருந்தான்.

விஷயம் இதுதான். பதினெட்டு தாண்டிய யாரும், 'எனக்கு முடியாமல் போனால் எனக்காகப் பேசுகிற ஆள் இவர்' என்று ஒருவரை முன்கூட்டியே எழுதி வைக்கலாம். நியமனப் பிரதிநிதி என்று பெயர். ஸ்டாம்ப் பேப்பர் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. எழுதுகிறவர் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நியமிக்கப்படுகிறவரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும்.

அவன் என் பெயரை எழுதியிருந்தான்.

'அப்பா?' என்றேன். 'அவர்ட்ட கேட்டுட்டேன். அவர் ஊர்ல இருந்து பஸ் புடிச்சு வரதுக்குள்ள ஒரு ராத்திரி போயிடும். நீ பக்கத்து கட்டில்லயே இருக்க.'

நான் உடனே வாங்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பயம். மறுபடி அப்படி ஆனால், அவன் வேண்டாமென்று கத்தும்போது, அட்மிஷன் விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டி வரும். இருபது வயசில் இதுவரைக்கும் நான் போட்ட பெரிய கையெழுத்து ஹால் டிக்கெட்டில்தான். 'என்னைப் போய் எதுக்குடா? நான்தானே உன்னை ஏமாத்திக் கூட்டிட்டுப் போனேன்' என்றேன். அக்டோபரிலிருந்து அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

மாப்ள டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னான். 'அதனாலதான்டா. ஆஸ்பத்திரில போட்டது எனக்குக் கோவமே இல்ல. அந்த எக்ஸ்போதான்... ஆட்டோல எவ்ளோ சந்தோஷமா வந்தேன் தெரியுமா? பின்னாடி பார்.'

தாளைத் திருப்பினேன். பின்பக்கம் பென்சிலில் மூன்று வரி. ஒன்று, மூன்று ராத்திரி தூங்கவில்லை என்றால் நான்காவது நாள் காத்திருக்கக் கூடாது. இரண்டு, ஏ.டி.எம். கார்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று, எங்கே போகிறோம் என்று உண்மையைச் சொல்லித்தான் கூட்டிப்போக வேண்டும், நான் அடித்தாலும் சரி.

'அடிப்பியாடா?'

'தெரியாது. ஹெல்மெட் போட்டுக்கோ.'

இரண்டு நாள் அந்தத் தாள் என் ரெக்கார்டு நோட்டுக்குள்ளேயே கிடந்தது. மூன்றாவது நாள் அதே டீக்கடை. என் பேனா எழுதவில்லை. கல்லாவில் இருந்த அண்ணனிடம் ஒன்று வாங்கி, சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாப்ள வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

'தேதி போடலடா.'

போட்டுக் கொடுத்தேன்.